லாரியைத் தாங்கும் சாக்கு

"கென்யாவில் ஜப்பான்காரர்கள் மண் மூட்டையை அடுக்கிச் சாலை போடுகிறார்களாமே, லாரி ஏறினால் சாக்கு கிழியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒழுங்காகப் போட்டால் கிழியாது. லாரி ஏறும்போதுதான் அந்த மூட்டைக்கே பலம் வருகிறது.

ஜப்பான் 1954இல் ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்து வெளிநாட்டு உதவியைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவுக்கென்று 1993 முதல் டிகாட் (TICAD) என்ற வளர்ச்சி மாநாடு நடத்துகிறது. 2016இல் அது நைரோபியில் நடந்தது. கென்யாவில் ஜப்பான் தரும் யென் கடனுக்குப் பெரிய அடையாளம் மொம்பாசா துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம். ஆனால் விளைந்த சரக்கு ஊர் எல்லையைத் தாண்டாமல் சேற்றில் நின்றால் துறைமுகம் இருந்து என்ன பயன்? அங்கே பல பகுதிகளில் கரிசல்தான். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பிக் களியாகும். கோவில்பட்டிப் பக்கம் மழைக்காலத்தில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

மண் மூட்டைக்கு ஜப்பானியப் பெயர் 'டோனோ'. வெள்ளத்துக்கு அணை கட்ட அங்கே காலங்காலமாகப் பயன்படுவது. அதன் தாங்குதிறனைக் கணக்காக நிறுவியவர் நகோயா தொழில்நுட்பக் கழகத்தின் ஹஜிமே மட்சுவோகா. சாலைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மகோடோ கிமுரா. சாக்கில் என்னய்யா ஆராய்ச்சி என்று கேட்காமல் இதற்கெல்லாம் பணம் ஒதுக்குவது நம் ஊரில் நடக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, சூட்சுமத்துக்கு வருவோம். குவித்த மணலை மிதித்தால் கால் புதையும். மணல் நசுங்குவதில்லை, பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. ஓடவிடாமல் இறுக்கிப் பிடித்தால் துகளும் துகளும் உரசி நிற்கும். அந்தப் பிடியைத்தான் சாக்கு தருகிறது. மேலே பாரம் ஏறினால் மூட்டை தட்டையாகிறது. தட்டையானால் சுற்றளவு நீள வேண்டும். துணி லேசில் நீளாது. அதனால் விறைத்துக்கொண்டு மண்ணை நெருக்குகிறது.

தட்டிய மூட்டை 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். துணியில் மீட்டருக்கு 1 டன் இழுவிசை ஏறியிருப்பதாக வையுங்கள். மூட்டையை நட்டுக்குத்தாக வெட்டியதுபோல் நினைத்தால், மேல்துணி, கீழ்துணி இரண்டின் இழுப்பும் 10 செ.மீ. உயரத்தில் இறங்குகிறது: பக்க நெருக்கம் சதுர மீட்டருக்கு 20 டன். படுக்கையாக வெட்டினால் அதே இழுப்பு 40 செ.மீ.க்குப் பரவி, வெறும் 5 டன். உராய்வுக் கோணம் (துகள்கள் எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதன் அளவு) 30 பாகை உள்ள மணல், பக்க நெருக்கத்தைப்போல் 3 மடங்கு மேல்பாரத்தைத் தாங்கும். 20க்கு 3 மடங்கு 60 டன். அதில் துணியே மேலிருந்து அழுத்தும் 5 டன் போக, மிச்சம் சதுர மீட்டருக்கு 55. ஒரு மூட்டையின் பரப்புக்கு ஏறத்தாழ 9 டன்! மூட்டை தட்டையாக இருப்பதில்தான் அத்தனை பலனும் இருக்கிறது.

உருண்டையாகத் திணித்த மூட்டை உருப்படாததும் இதனால்தான். உரச்சாக்கு போன்ற பின்னல் பிளாஸ்டிக் சாக்கு, 45க்கு 60 செ.மீ. போதும். எல்லா மூட்டைக்கும் ஒரே அளவு மண். வாளியால் அளந்து போட வேண்டும், இல்லாவிட்டால் சாலை மேடுபள்ளமாகும். மண்ணை ஒட்டி இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் இடம்விட்டுக் கட்ட வேண்டும். தட்டும்போது பரவ இடமில்லையென்றால் வெடித்துவிடும். உள்ளே கிராவலோ மணலோ போடலாம். ஈரக் கரிசலைப் போட்டால் உராய்வே இல்லை, 3 மடங்கு என்ற கணக்கு கவிழ்ந்துவிடும். கூரான ஜல்லி துணியைக் குத்தும்.

சேற்றை வெட்டியெடுத்த பள்ளத்தில் மூட்டைகளை இடைவெளியில்லாமல் பரப்பி, கட்டிய முனையை அடியில் மடக்கி, திமிசால் நன்றாக இடிக்க வேண்டும். ரோடு ரோலர் தேவையில்லை, ஊர்க்காரர்களே செய்துவிடலாம். இடித்தாலே துணியில் முதல் விறைப்பு ஏறிவிடும். இரண்டாவது அடுக்கும் அப்படியே. மேலே கிராவல் போட்டு, நடுவில் மேடாக, இரு ஓரமும் வாய்க்காலை நோக்கிச் சரியும்படி இழுத்துவிட வேண்டும்.

அந்தக் கிராவல் மூடாக்கைக் கவனிக்காமல் விட்டால் சாலை போச்சு. புற ஊதாக்கதிர் பட்டால் பிளாஸ்டிக் இழை நொறுங்கும், இழை போனால் உள்ளே இருப்பது மறுபடி வெறும் மணல். மழை முடிந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்து, எங்காவது வெள்ளைச் சாக்கு எட்டிப் பார்த்தால் இரண்டு கூடை கிராவல் கொட்டிவிட்டு வர வேண்டும்.