புல்லைக் கெடுப்பது ரெண்டாவது கடி

சென்னையில் பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் இன்னும் வீடு வராத மனைகளில் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் புல் செழிப்பாகத்தான் இருக்கும். நாலு மாடு தினமும் வந்து நிற்கும். பங்குனிக்குள் அருகம்புல் தரையோடு தரையாக மொட்டையாகியிருக்கும், பக்கத்திலேயே மாடு தொடாத பார்த்தீனியம் களை இடுப்பளவு வளர்ந்து பூத்திருக்கும். மாடு அதிகம், இடம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது பாதிக் காரணம்தான். இடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, அதே நாலு மாட்டைத் துண்டு மாற்றித் துண்டு மேய விட்டிருந்தால், அதாவது சுழற்சி மேய்ச்சல் செய்திருந்தால், இவ்வளவு மோசமாகியிருக்காது.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுத்து அறுக்கும். முதல் கடியில் புல் சாவதில்லை. வளரும் குருத்து பெரும்பாலும் தரையை ஒட்டி இருப்பதால், மிச்சமிருக்கும் இலையையும் தண்டின் அடியில் சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் வைத்து மறுபடி தளிர் விடும். சிக்கல் அங்கேதான். அந்தத் தளிர் இளசு, நாரில்லாதது, மாட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். நாலைந்து நாளில் அதே மாடு முற்றிய புல்லை விட்டுவிட்டு நேராக அந்தத் தளிரைத் தேடி வரும். சேமிப்பைச் செலவழித்து விட்ட தளிர், செலவை ஈடுகட்டும் முன்பே போய்விடுகிறது. இப்படி நாலு முறை நடந்தால் வேர் சுருங்கி, நல்ல புல் ஒழிந்து, மாடு தொடாத களைக்கு இடம் கிடைக்கிறது.

வேர் சுருங்கும் என்பது சும்மா சொல்வதல்ல. அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வில், இலையில் பாதியை வெட்டினால் வேர் வளர்ச்சி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. 80 சதவீதம் வெட்டினால் பல நாள் அடியோடு நின்றுவிட்டது. மேலே ஒட்ட மேய்ந்தால் கீழே வேர் வளர்வது நிற்கும், அது நின்றால் சித்திரை வெயிலில் ஆழத்து ஈரத்தை எட்ட முடியாது.

இதே காலத்தில் பிரான்சின் நார்மண்டியில் மாடு வளர்த்த ஆந்த்ரே வுவாசன் என்பவர், கணக்கில் மாட்டுத் தலையை மட்டும் எண்ணாதீர்கள், அது மேயும் நாட்களையும் எண்ணுங்கள் என்றார். ஒரு துண்டில் மாடு மூன்று நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, ஏனென்றால் அதற்கு மேல் போனால் புதுத் தளிர் வாய்க்கு எட்டிவிடும். அப்புறம் புல் முழுசாகத் தேறும் வரை அந்தத் துண்டுக்குள் மாடு வரக் கூடாது. தீவிர சுழற்சி மேய்ச்சல் என்று இப்போது சொல்வதின் சாரம் இவ்வளவுதான்.

சரி, எவ்வளவு இடம் வேண்டும்? 400 கிலோ மாடு ஒன்று நாளைக்கு உலர்ந்த எடையில் சுமார் 10 கிலோ தின்னும். பாதியை விட்டுவைத்தது போக, சதுர மீட்டருக்கு 150 கிராம் உலர்புல் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 67 சதுர மீட்டர், அதாவது சுமார் 720 சதுர அடி, சென்னையில் ஒரு சின்ன டபுள் பெட்ரூம் ஃபிளாட் அளவு. ஒரு நாள் மேய்ச்சல், 30 நாள் ஓய்வு என்றால் 31 துண்டு. பெருக்கினால் மாட்டுக்கு அரை ஏக்கர் வருகிறது. வேலி போடவே வேண்டாம்: முளை அடித்து 15 அடிக் கயிற்றில் கட்டினால் மாடு சுற்றி வரும் வட்டம் 700 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஊரில் தாத்தா பாட்டி தினமும் முளையைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்தது இந்தக் கணக்கில்தான் வருகிறது. நிழலும் தண்ணீரும் எட்டும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலமும் இதே வழிதான். கிளுவைச் செடி வேலியால் பிரித்த துண்டுகள், உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒன்றில் மேய்ந்து முடித்தால் அடுத்ததற்கு ஓட்டுவார்கள்.

குடற்புழுத் தொல்லையும் குறையும். சாணத்தில் விழும் முட்டை பொரித்து, மாட்டைத் தொற்றும் பருவத்துக்கு வர நம் வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே மாடு கிளம்பிவிட்டால் தான் போட்ட சாணத்தின் புழுவை உடனே தின்னாது. ஓய்வு நீண்டால், இரை எடுக்காத அந்தப் புழுக்களில் பல சூட்டில் சத்துத் தீர்ந்து சாகும். ஆனால் மழைக்கால ஈரத்தில் சில தாக்குப்பிடிக்கும், அதனால் மருந்தே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த முறையால் பாலைவனமே பசுமையாகும், புவி வெப்பமே குறையும் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வறண்ட மேய்ச்சல் நிலங்களில் செய்த பல ஒப்பீடுகளில், சும்மா திறந்துவிட்டு மேய்த்ததற்கும் சுழற்சிக்கும் விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாட்டு எண்ணிக்கை எல்லை மீறினால் எந்தச் சுழற்சியும் காப்பாற்றாது. மழையோ பாசனமோ உள்ள இடத்தில், புல் வேகமாக வளரும் காலத்தில்தான் பலன் நன்றாகக் கிடைக்கிறது.

முக்கியமான தவறு, 30 நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்டுவது. கார்த்திகையில் 25 நாளில் தேறும் புல், வைகாசியில் பாசனமில்லாமல் இரண்டு மாதமானாலும் தேறாது. அப்போது துண்டுகளைச் சுற்றிக்கொண்டே இருக்காமல் மாட்டைக் கொட்டகையில் கட்டி, வைக்கோலும் வெட்டிய தீவனப்புல்லும் போட வேண்டும். கனமழையில் களிமண் சேறாகும் நாட்களிலும் அப்படித்தான், குளம்பு பட்டு இறுகிய மண்ணில் வேர் இறங்காது. மின்வேலி போடுகிறவர்கள், நொடிக்கு ஒருமுறை கண நேரத்துக்கு மட்டும் மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியைத்தான் வாங்க வேண்டும். வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பியில் கரண்ட் கொடுத்தால் அது வேலியல்ல, கொலை, சட்டப்படியும் குற்றம்.