"நீங்க படுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்"

தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்வது என் வேலை. பன்னிரண்டு வருடமாகிறது. தலைப்பில் இருக்கிற வாக்கியத்தை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அதனால்தான் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆச்சிக்கு எழுபத்திரண்டு வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள். முன்னறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஃபேன் வைத்து, தலைமாட்டில் விபூதித் தட்டு வைத்து, ஒரு குறையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் ஸ்பூனில் கஞ்சி ஊட்டுகிறாள். மகன் புரட்டிவிடுகிறான். பேத்தி விசிறுகிறாள். ஆச்சி ஒன்பது நாளாகத் தானாக ஒரு காரியமும் செய்யவில்லை, செய்ய விடவும் இல்லை. நான் உட்கார்ந்து, "ஆச்சி, இடது கையால இந்த டம்ளரைப் பிடிங்க பாப்போம்" என்றேன். பிடித்தார்கள். வாய்க்குக் கொண்டுபோனார்கள். பாதி மேலே சிந்தியது, மீதியைக் குடித்தார்கள். மருமகள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அத்தை பிடிப்பாவன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே டாக்டரம்மா."

அவள் சொன்னது உண்மை. யாரும் சொல்லியிருக்கவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரைப் பெயர்கள் இருந்தன. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: பிசியோதெரபி தொடரவும், அடிக்கடி படுக்கை நிலையை மாற்றவும். 'அடிக்கடி' என்றால் எத்தனை மணிக்கு ஒரு தரம், எப்படிப் புரட்டுவது, எந்தக் கையைப் பிடிப்பது, எந்தக் கையைப் பிடிக்கவே கூடாது? ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் ஏறும் நேரத்துக்கும் வீட்டு வாசற்படியில் இறங்கும் நேரத்துக்கும் நடுவில் இந்தக் கேள்விகளெல்லாம் விழுந்து தொலைந்துபோகின்றன. கை கால் விழுவது நோயினால். அதற்குப் பிறகு ஒருவர் முழுக்கப் படுத்த படுக்கையாவதில் பாதி, வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்காததால் வருவது. என் அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்வேன்.

முதலில் படுக்கைப் புண். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கிக் கிடந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை, இவைதான் புண் வரும் இடங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆளைத் திருப்பிப் போட வேண்டும் என்பது இதனால்தான். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பு எலும்பின் மேல் மொத்தப் பாரமும் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, லேசாகச் சாய்ந்த மாதிரிப் படுக்க வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்.

மணி பார்த்துத் திருப்புங்கள் என்றால் எந்த வீட்டிலும் நடக்காது. ஆச்சி வீட்டில் தினசரி காலண்டர் அட்டையிலேயே எழுதி வைத்தோம்: பால் வரும்போது இடது பக்கம், பள்ளிக்கூட வேன் போனதும் மல்லாக்க, சோறு வடிக்கும்போது வலது பக்கம். வீட்டின் நேரத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

புத்தகங்களில் 'தோல் சிவந்தால் கவனி' என்று போட்டிருக்கும். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. நான் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்வேன். சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, நிறம் இன்னும் கறுத்திருக்கிறதா? அப்படி இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. உள்ளே நைந்திருக்கிற சதை தேய்ப்பில் இன்னும் கிழியும். டியூப் மாதிரி வட்டமான காற்றுத் தலையணையும் வேண்டாம். நடுவில் பாரம் இல்லை என்று தோன்றும், ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். வாட்டர் பெட், ஆல்ஃபா பெட் (காற்று மாறி மாறி ஏறி இறங்கும் மெத்தை) வாங்கினால் நல்லதுதான். வாங்கிய வீடுகளில்தான் "அதான் பெட் இருக்கே" என்று புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். பெட் இருந்தாலும் புரட்ட வேண்டும்.

அடுத்தது தோள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசை செத்துக் கிடக்கிறது. கையை இழுத்தால் மூட்டு கீழே நழுவும். அப்புறம் மாதக்கணக்கில் தோள் வலி, வலிக்குப் பயந்து பயிற்சி செய்யாமை, கை இறுகிப்போவது. தூக்க வேண்டுமானால் தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் அந்தக் கை ஒரு தலையணையின் மேல் இருக்கட்டும்.

சாப்பாடு. படுக்க வைத்தபடி காபி ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். தண்ணீரும் காபியும்தான் சீக்கிரம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். கூழ்ப்பதத்தில் இருக்கிறது அதைவிடப் பாதுகாப்பானது. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னச் சின்ன வாயாக. சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். குடித்ததும் இருமல் வந்தால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி களகளத்தால், ஊட்டுவதை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். நிமோனியா இப்படித்தான் வருகிறது.

கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். குழி விழுந்த கயிற்றுக் கட்டிலில் எந்த மனிதரும் எழுந்திரிக்க முடியாது.

வெளிக்குப் போவதைப் பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். டயாப்பர் மாட்டிவிடுவது பார்க்கிறவர்களுக்குச் சுலபம். ஆனால் ஒருவர் இரண்டு ஆள் பிடித்தால் கமோடு சேரில் உட்கார முடியும் என்கிற நிலையில் இருந்தால், அந்த உட்காருதலே அவருக்கு அன்றைய பயிற்சி, மானமும் கூட. நான் பார்த்த பெரியவர்களில் பலர் தண்ணீர் குடிப்பதைத் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள். "அடிக்கடி பிள்ளையளக் கூப்பிட வேண்டாமே" என்பார்கள். அப்படிக் குறைத்து, மூத்திரத்தில் கிருமி சேர்ந்து, திடீரென்று ஆள் குழம்பிப் பிதற்ற ஆரம்பிப்பார்கள். வீட்டார் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். முதியவருக்கு ஒரே நாளில் புத்தி தடுமாறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், சிகிச்சையும் இருக்கும். அன்றைக்கே காட்டுங்கள்.

வயதானவர்கள் மட்டும் அல்ல. தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட ஒரு தம்பியை இரண்டு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். இருபத்தாறு வயது. பின்னறையில் படுத்தே கிடந்தான். யூரின் பேக், முதுகின் கீழே என் உள்ளங்கை அளவு புண். கையில் நல்ல பலம். இரண்டு வருடமாக யாரும் அவனை வீல்சேரில் உட்கார வைத்ததில்லை.

இந்தப் பகுதியில் இருக்கிறவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் தெரியும். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. தசைச்சிதைவு நோயோடு வாழும் சங்கரராமன் பின்னால் அவரோடு சேர்ந்துகொண்டார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அங்கே தங்கிப் பயிற்சி பெற வசதி உண்டு. கிராமங்களுக்கே போய்ச் செய்கிற மறுவாழ்வுப் பணியும் உண்டு. முழுதாகச் செயலிழந்த ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஊரையே நடத்துவதைப் பார்த்தால் போதும், பாதிப் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். புண்ணுக்கு வைத்தியம் முடிந்த பிறகு நம் தம்பியை அப்படி ஓர் இடத்துக்கு அனுப்பினோம். நிரந்தரமாக மாட்டியிருந்த சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் தானே சுத்தமான குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொண்டான். உட்கார்ந்திருக்கும்போது கால்மணிக்கு ஒரு தரம் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவும் கற்றுக்கொண்டான்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசல் அவனை உள்ளே விடவில்லை. நாற்காலியைவிட நிலை குறுகல். வாசல் நிலையைப் பெயர்க்க அவன் அப்பாவுக்கு மனம் வரவில்லை. மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை பொட்டு வைத்துக் கும்பிடுகிற நிலை, எனக்கும் அதைப் புரிந்துகொள்ள முடிந்தது. கடைசியில் புழக்கடை நிலையை எடுத்து அகலமாக வைத்தோம். ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்றதும் கொத்தனார் நம்பவில்லை. நாலடியில் செங்குத்தாகப் போட்டால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும் என்று அவரையே உட்கார வைத்துக் காட்டினேன்.

உதவி எங்கே இருக்கிறது என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலியையும் தொல்லையையும் குறைக்கிற நோய்த்தணிப்புச் சிகிச்சை கொடுப்பதும் அதே திட்டத்தில்தான் வருகின்றன. உங்கள் தெருவுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, துணை சுகாதார நிலையச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லுங்கள். ஒரு வட்டாரம் முழுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு செவிலியர் என்கிற கணக்கில் உங்கள் முறை தினமும் வராது. அதனால் அவர் வருகிற அன்றைக்கு வீட்டில் இருக்கிற எல்லோரும் பக்கத்தில் நின்று பாருங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள், நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

பக்கவாதம் வந்து ஆறு மாதம் கழித்தும் கை கால் தேறவில்லை என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. "அந்த அட்டை பிறவியிலயே ஊனமானவங்களுக்குத்தானே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அப்படி இல்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். முதியவர் தொடர்பான எந்தச் சந்தேகத்துக்கும் 14567 என்ற இலவச எண் இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டார்கள் என்றால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

கேரளத்தைப் பார்த்து எனக்கு எப்போதும் ஓர் ஏக்கம் உண்டு. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில டாக்டர்கள் தொடங்கிய வலிநிவாரண முயற்சி, பிறகு அக்கம்பக்கத்துச் சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது. கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர் என்று பயிற்சி எடுத்துக்கொண்டு படுத்திருப்பவர்களின் வீட்டுக்குப் போனார்கள். 2008-ல் மாநில அரசே அதற்குக் கொள்கை வகுத்தது, பஞ்சாயத்துகள் பொறுப்பெடுத்துக்கொண்டன. மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் நடக்காதா? நம் தெருவிலும் சாவு வீட்டுக்குக் கேட்காமலே பத்து பேர் வந்து பந்தல் போடுகிறார்கள். அதே பத்து பேர் ஆள் உயிரோடு படுத்திருக்கும்போது வாரத்துக்கு ஒரு மணி நேரம் வரலாம்.

சம்பளத்துக்கு ஆள் வைக்கிறவர்கள், முதல் நாள் நீங்களும் கூட இருந்து புரட்டுவதையும் ஊட்டுவதையும் பாருங்கள். அவர் லீவு போட்டால் யார் வருவார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி. ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண், மருமகளோ மகளோ மனைவியோ. ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்டிவிட்டு, காலையில் சமைத்து, நூறு நாள் வேலைக்கும் போய்வருகிறாள். அவள் இடுப்பு வலிக்கு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. நான் நோயாளிக்குப் பயிற்சி முடித்ததும் அவளையும் உட்கார வைத்து, "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குதீங்க?" என்று கேட்கிறேன். பல நேரம் அதற்குப் பதில் வராது, கண்ணீர்தான் வரும்.

ஆச்சி இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணைவரை வருகிறார்கள். இடது கையால் சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள், நேரமாகும், யாரும் பிடுங்குவதில்லை. மருமகளுக்காக ஓர் ஏற்பாடு செய்தோம். சிவகாசியில் இருக்கும் இளைய மகன் ஞாயிறுதோறும் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கமோடு சேர் உட்பட எல்லாவற்றையும் அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் கை நடுங்கியது, செய்துவிட்டார். அன்றைக்கு இவள் தாய்வீட்டுக்குப் போய்வருவாள். முதல் இரண்டு ஞாயிறும் அங்கிருந்து ஆறேழு தடவை போன் பண்ணி "அத்தைக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று கேட்டாளாம். மூன்றாவது ஞாயிறு ஒரே ஒரு தடவைதான் பண்ணினாள், வந்துசேரப் பிந்தும் என்று சொல்ல.