கிருபையா, அருளா? நடுவில் நுழைந்த 'தகுதியற்ற தயவு'

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு பதினைந்து வயதுப் பெண்பிள்ளை கேட்டாள்: "அங்கிள், ஆண்டவரோட தயவுக்கு ஏன் தகுதி இல்லை?" என்ன கேட்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் அவள் ஆராதனையில் பார்த்த திரையைச் சொன்னாள். 'கிருபை என்றால் தகுதியற்ற தயவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எழுதியிருந்ததைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். தப்பு திரையில் இருக்கிறது.

இந்தத் தொடரைப் பிரசங்கங்களில், துண்டுப் பிரசுரங்களில், வாட்ஸ்அப்பில் வருகிற காலை வசனங்களில் என்று பல வருடமாகக் கேட்டும் பார்த்தும் வருகிறேன். இனிமேலும் பேசாமல் இருக்க முடியாது.

முதலில் சொல்லின் வேர். கிருபை, வடமொழி 'கிருபா'விலிருந்து வந்தது. இரக்கம் என்று பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்த இடத்தில் 'காரிஸ்' இருக்கிறது. மகிழ்தலைச் சொல்லும் வினையோடு அதற்கு உறவு உண்டு. பழைய ஏற்பாட்டில் "நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது" என்னும் இடத்தில் உள்ள எபிரேயச் சொல் 'ஹேன்'. நம் வீடுகளில் இருக்கும் பழைய வேதாகமம், 1871இல் பவர் ஐயரின் குழு முடித்த மொழிபெயர்ப்பு, கிருபை என்று எழுதியது. 1995இல் வந்த திருவிவிலியம் அருள் என்று எழுதியது. கத்தோலிக்கர்கள் ஒரு காலத்தில் கிருபையைப் பிரியதத்தம் என்று சொல்லி, "பிரியதத்தத்தினாலே பூரண மரியே" என்று ஜெபித்தவர்கள். இப்போது ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு வருகிற தமிழ்ப் பாட்டிமார்கள் ஜெபமாலையில் சொல்வது "அருள் நிறைந்த மரியே". கேட்டவுடனே புரிகிறது.

சரி, 'தகுதியற்ற தயவு' எங்கிருந்து வந்தது? 'unmerited favour' என்ற ஆங்கில விளக்கத்திலிருந்து. அங்கே 'unmerited' என்ற அடைமொழிக்கு, பெறுகிறவன் உழைத்துச் சம்பாதிக்காதது என்று பொருள். நம் ஆட்கள் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தார்கள். தமிழில் 'தகுதியற்ற' என்பது தன் பின்னால் வரும் பெயரைத்தான் பிடிக்கும். தகுதியற்ற வேட்பாளர் என்றால் தகுதி இல்லாதவர் வேட்பாளர். அப்படியானால் தகுதியற்ற தயவு என்றால் தகுதி இல்லாதது தயவு, அதாவது தேவனுடைய தயவு. அவருக்குச் செய்யும் அவமரியாதை அல்லவா இது? 'தகுதியில்லாதவருக்குக் கிடைக்கும் தயவு' என்று நீட்டிச் சொன்னால் இலக்கணம் தப்பிக்கும். ஆனால் "என் கிருபை உனக்குப்போதும்" என்று பவுல் கேட்ட வாக்கில் அதை வைத்து வாசித்துப் பாருங்கள். விளக்கத்துக்கு எழுதிய வரி, சொல்லின் இடத்தில் உட்கார முடியாது.

இலக்கணத்தை விடுங்கள், 'தயவு' என்ற சொல்லே இங்கே பொருந்தாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். துரை தயவு, கிராணி தயவு என்று பேசிய தலைமுறை நம்முடையது. தயவு வாங்கினால் தலை குனிந்து நிற்க வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். அதனால்தான் "யார் தயவும் எனக்கு வேண்டாம்" என்று ரோஷத்தோடு சொல்கிறோம். "யார் அருளும் வேண்டாம்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று" என்கிறது ரோமர் 5:20. அருள் பெருகும். அருள் வெள்ளம், அருள் மழை என்று தமிழ் தானாகவே சொல்லும். தயவு பெருகாது, அது அளந்துதான் வரும்.

இன்னொரு கேடு, பாவத்தையும் அது சின்னதாக்கிவிடுகிறது. கிருபைக்குத் 'தகுதி'யை அளவுகோலாக வைத்தால், பாவம் என்பது எஸ்.பி.எம். தேர்வில் ஒரு பாடம் தவறியதுபோல, ஒரு சான்றிதழ் குறைந்ததுபோல ஆகிவிடும். எபிரேயத்தில் பாவம் செய்வதைச் சொல்லும் வினை 'ஹாத்தா', குறி தப்புதல். நியாயாதிபதிகள் 20:16இல் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிந்த 700 இடதுகைக்காரர்களைப் பற்றிப் பேசும்போது இதே வினைதான் வருகிறது. நம் 'தப்பு' என்ற சொல்லும் அதே படத்தைத்தான் காட்டுகிறது. தேவனை நோக்கிப் போகவேண்டிய வாழ்க்கை அவரை விட்டு விலகிப் போகிறது. அதற்கு மருந்து தகுதித் தளர்வு அல்ல. ரோமர் 6:23 பாவத்துக்குச் 'சம்பளம்' என்கிறது, தேவன் கொடுப்பதை அந்தச் சொல்லால் சொல்லாமல் 'கிருபைவரம்' என்கிறது. தோட்டத்தில் நாள் வேலைக்குப் பேர் போட்டுக் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு மலாயும் சேர்ந்து குழப்புகிறது. நம் அனுக்கிரகம் அங்கே 'அனுகெரா' ஆகி, பள்ளி மேடையில் விருது என்ற பொருளில் வழங்குகிறது. முதல் மாணவனுக்குக் கொடுப்பது அனுகெரா. கிருபை அதற்கு நேர் எதிர். அதனால்தான் தமிழ்ச் சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் தீர்ப்பு: அருள். அது பெயராகவும் நிற்கும், அருளினார் என்று வினையாகவும் நடக்கும். கிருபைக்கு 'செய்தார்' என்று ஊன்றுகோல் வேண்டும். "அருளென்னும் அன்பீன் குழவி" என்கிறது குறள். அன்பு பெற்ற பிள்ளை அருள். பெறுகிறவனின் தகுதியைப் பற்றி அதில் பேச்சே இல்லை, கொடுக்கிறவரின் அன்பைத்தான் பேசுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், எனக்குத் தெரியும். தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிற வழியில் சாமியாடுகிறவரைப் பார்த்து "அருள் வந்துவிட்டது" என்கிறார்கள், அந்தச் சொல் நமக்கு எதற்கு என்று எங்கள் சபை மூத்தவர் ஒருவரே கேட்டார். ஐயா, கிருபையும் கோவில்களில் வழங்கிய சொல்தானே? வழங்குகிற இடத்தைப் பார்த்துச் சொல்லைத் தள்ளினால் தேவன், வேதம், பலி, ஆராதனை எதுவும் நம்மிடம் மிஞ்சாது. மேலும், அந்த வழக்கில்கூட அருள் 'வருகிறது'. யாரும் அதைச் சம்பாதிப்பதில்லை.

கிருபையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மனப்பாட வசனங்களில், பாட்டுகளில், பிள்ளைகளின் பெயர்களில் அது இருக்கட்டும். விளக்கும்போது அருள் என்று விளக்குங்கள். திரைக்கு எழுதுகிறவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவதை நிறுத்தி, எழுதியதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்க்கட்டும். வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். அந்தப் பெண்பிள்ளைக்கு எபேசியர் 2:8ஐ, கிருபை வருகிற இடத்தில் அருள் என்று மாற்றி வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, "அப்போ தகுதி எங்கே அங்கிள்?" என்றாள். வசனத்திலேயே அந்தச் சொல் இல்லை என்று காட்டினேன்.