நிழல் கட்டையாகும் நேரம்

சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்னதாக, நண்பகலில் திருகோணமலைக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். உப்புவெளிக் கரையில் நிமிர்ந்து நிற்பவரின் நிழல் அவர் காலடிக்குள்ளேயே கிடக்கும். அங்கே கரைவலை இழுக்கும் ஒருவர் கிளினிக்குக்கு வரும்போது, "வெயிலால் தோல் புற்றுநோய் வரும், கவனம்" என்று டொக்டர் சொன்னால் என்ன நடக்கும்? "நாங்கள் கறுத்த ஆட்கள், டொக்டர். எங்களை வெயில் என்ன செய்யும்?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அவர் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். புற ஊதாக் கதிர், தோல் கலத்தின் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற இரண்டு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கலம் அதை வெட்டி எடுத்துத் திருத்தும். திருத்தத் தவறியவை வருடக்கணக்கில் சேர்ந்தால்தான் புற்று. கறுத்த தோலில் நிறைந்திருக்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்தக் கதிரில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. ஆகவே நிலாவெளியில் வெயில் காயும் வெள்ளைக்காரருக்குச் சொல்லும் எச்சரிக்கையை இவர் நம்பாததில் பிழையில்லை.

இவருக்குச் சொல்ல வேண்டிய கதை வேறு. கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால், பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோதான் வரும். 1981இல் இறந்த பாடகர் பொப் மார்லிக்கு அது கால்விரல் நகத்தடியில் தொடங்கியது. இதற்கு வெயில் காரணமில்லை, தொப்பியும் உதவாது. பழைய தீக்காயத் தழும்பும், மாதக்கணக்கில் ஆறாத புண்ணும்கூடக் கவனிக்க வேண்டியவை. வெயில் இவரை வேறிடத்தில் பிடிக்கும்: கண்ணில் சதை வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இதைக் கேட்டதும் பழக்கம் மாறுமா? 1975இல் உளவியலாளர் ரொனால்ட் ரோஜர்ஸ் முன்வைத்து, 1983இல் விரிவாக்கிய கோட்பாட்டின்படி, மனம் இரண்டு கணக்குப் போடுகிறது. இது எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம் என்பது ஒன்று. சொன்னதைச் செய்தால் பலன் உண்டா, அது என்னால் முடியுமா என்பது மற்றது. முதல் கணக்கு மட்டும் ஏறினால் வில்லங்கம்தான். 1992இல் கிம் விட்டி என்ற ஆய்வாளர் விளக்கியதுபோல, வழி தெரியாத பயம் வந்தால் ஆள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைத்தான் அடக்கப் பார்ப்பார். "எல்லாம் விதிப்படி" என்பது அப்போது வரும் பேச்சு.

அதனால் இரண்டாவது கணக்குக்கு வேலை கொடுக்க வேண்டும். சன்கிரீமின் விலையையும் அது வியர்வையில் கரைவதையும் பார்த்தால், வலைக்காரரிடம் அதை வற்புறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணில் வெயில் படாமலிருக்க அகன்ற விளிம்புத் தொப்பி போதும். அதையும் "கட்டாயம் போடுங்கள்" என்று விடாமல், "வலைக் கயிற்றில் கை வைக்கும் முன் தொப்பி" என்று ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். எப்போது என்பது தெளிவாக இருந்தால் நினைவு தானாக வரும். அப்புறம், "வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று அவர் வாயாலேயே கேட்பது நல்லது.

உள்ளங்காலைத் தானே பார்ப்பது சிரமம். மனைவி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தால், அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதைக்கலாம்.