400 கிராம் கணக்கும் ஒரு தங்க முத்திரையும்

போன மாதம் ஓர் இளைஞன் குன்னூரில் என் மேசைமேல் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தான். பளபளவென்று லேமினேஷன், தங்க நிற முத்திரை, மூலையில் அரசு இலச்சினை போலத் தோன்றும் ஒரு வட்டம். ‘குடிநீர் மற்றும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆபரேட்டர் உரிமம், சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்று அச்சாகியிருந்தது. ஆறு நாள் வகுப்பு, கட்டணம் 38,000 ரூபாய். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை பறித்து விற்ற காசு. அது எத்தனை கிலோ இலை என்று நீலகிரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டில் இப்படிக் காகிதத்தோடு வந்தவர்களில் இவன் நான்காவது ஆள்.

“இதை வைத்து அமெரிக்கா போகலாமாம் சார்.”

“அது இருக்கட்டும் தம்பி. 50,000 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும். உன்னிடம் இருக்கும் பிளீச்சிங் பவுடரில் 25 சதவீதம்தான் குளோரின். எவ்வளவு கரைப்பாய்?”

விட்டத்தைப் பார்த்தான். “இரண்டு கைப்பிடி போடச் சொல்லிக்கொடுத்தார்கள் சார்.”

யாருடைய கைப்பிடி? குளோரின் 100 கிராம் வேண்டும், பவுடர் அதைப்போல நான்கு மடங்கு, ஆக 400 கிராம். எட்டாம் வகுப்புக் கணக்கு. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆறு நாளில் இந்த ஒன்றைக்கூடச் சொல்லித்தராமல் முத்திரை குத்தியவர்கள் மேல்தான் கோபம்.

உரிமம் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆபரேட்டருக்கு உரிமம் உண்டு, உண்மைதான். அதை அந்தந்த மாநில அரசு தருகிறது. பயிற்சி நிறுவனம் தருவதில்லை. 1996-ல் அவர்களுடைய குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தியதைத் தொடர்ந்து எல்லா மாநிலங்களிலும் குடிநீர் ஆபரேட்டர் உரிமத்துக்கு அடிப்படை விதிகள் வந்தன. கலிபோர்னியாவில் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு T1 முதல் T5 வரை ஐந்து படிகள். கழிவுநீருக்குத் தனியாக ஐந்து படிகள். தேர்வு எழுத வேண்டும். மேல்படிகளுக்கு நிலையத்தில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் படித்துக்கொண்டே புதுப்பிக்க வேண்டும். ஒரு மாநில உரிமத்தோடு அடுத்த மாநிலத்துக்குப் போனாலே அங்கே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆறு நாள் வகுப்பில் அச்சடித்த காகிதம் எந்த வாசலைத் திறக்கும்?

சரி, நம் ஊரில்? கொதிகலனை இயக்கச் சான்றிதழ் வேண்டும், மின்கம்பியாளருக்கு உரிமம் வேண்டும். ஆனால் ஊரே குடிக்கும் தண்ணீருக்கு மருந்து கலப்பவருக்கு அமெரிக்காவில் இருப்பது போன்ற ஆள்வாரி உரிமம் இங்கே இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை நிலையத்துக்கானது. அதை ஓட்டும் ஆளுக்கானதல்ல. ஆகவே ‘அரசு ஆபரேட்டர் லைசென்ஸ்’ என்று யாராவது பணம் கேட்டால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் துறை தருகிறது என்று கேளுங்கள். பதில் வராது. பயிற்சிச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. நல்ல பயிற்சிக்குப் பணம் கட்டுவதில் தவறில்லை; உரிமம் என்று நம்பிக் கட்டாதீர்கள்.

விடுதி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காகத் தோட்டக்காரரிடம் எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) சாவியைக் கொடுத்துவிட்டு, “சுவிட்ச் போட்டால் ஓடப்போகிறது” என்கிறீர்களே, இது சமவெளியும் அல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கோயம்புத்தூர்க் கணக்கில் வாங்கிய புளோயர் (தொட்டிக்குள் காற்று ஊதும் கருவி) இங்கே அதே ஆக்சிஜனைத் தராது. ஜனவரி உறைபனியில் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சோம்பிப்போகும். மே மாதத்திலோ கூட்டம் மலையேறி வந்து தொட்டியை நிரப்பும். குடிநீரிலும் இதே கதைதான். நம் ஓடைத் தண்ணீரில் பெரும்பாலும் காரத்தன்மை குறைவு. மழைக்காலக் கலங்கலுக்குப் படிகாரத்தை அள்ளிப் போட்டால் பி.ஹெச். சரிந்து, கசடு திரளாமலே நிற்கும். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் திரளும். எவ்வளவு என்பதை ஆறு ஜாடிகளை வரிசையாக வைத்துக் கலக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். (ஜார் டெஸ்ட் கருவியைத் துணி போட்டு மூடிப் பூஜைப் பொருள்போல வைத்திருக்கும் நிலையங்களையும் பார்த்திருக்கிறேன்.)

வேலைக்கு வர நினைக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஐ.டி.ஐ., டிப்ளமோ, வேதியியல் பட்டம் எதுவானாலும் சரி, முதலில் ஓடுகிற நிலையம் ஒன்றில் உதவியாளராகச் சேருங்கள். குழாய் முனையில் குளோரின் பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். காற்றூட்டும் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் உருளையில் ஊற்றி, 30 நிமிடத்தில் எவ்வளவு படிகிறது என்று தினமும் குறியுங்கள். பார்க்காமலே பதிவேட்டை நிரப்பாதீர்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முதலாளி சொன்னாலும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்காதீர்கள். “குளிர் ஊர், வாயு இருக்காது” என்பது பொய். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டதென்று பொருளல்ல, மூக்கு மரத்துப்போயிருக்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் அங்கேயே கிடப்பார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலை போனால் போகட்டும், இன்னொன்று தேடிக்கொள்ளலாம்.

அந்தப் பையனைத் தெரிந்த நிலையம் ஒன்றில் சேர்த்துவிட்டேன். சம்பளம் குறைவுதான். முந்தாநாள் இரவு போன் செய்தான்.

“சார், இங்கே பிளீச்சிங் பவுடர் மூட்டையை எப்போது பிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த மூடுபனியில் ஈரம் இழுத்திருக்காதா? 25 சதவீதம் என்று எப்படி நம்பிக் கணக்குப் போடுவது?”

அந்த மூட்டையை ஓரமாக வைக்கச் சொன்னேன். புது மூட்டையைப் பிரித்ததும் அதன்மேல் தேதி எழுதச் சொன்னேன்.