இரவல் பெயரில் ஒரு செடி

படகுத் துடுப்பை நிமிர்த்தி வைத்தாற்போல எதிரெதிராக நிற்கும் தடித்த இலைகள், விளிம்பில் செம்மை. இந்தச் சதைப்பற்றுத் தாவரத்தை ‘கலன்கோ திர்சிஃப்ளோரா’ என்று சொல்லி விற்பார்கள். பெரும்பாலும் கைக்கு வருவது அதன் பங்காளியான கலன்கோ லூசியே. இரண்டுக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் தென்பகுதிதான்.

பூத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். திர்சிஃப்ளோராவின் பூ பளிச்சென்ற மஞ்சள், நல்ல மணம். லூசியேயின் பூ வெளிறியது, மணத்துக்குப் பேர்போனதல்ல. ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை இலையைத்தான் பார்க்க வேண்டும். நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் லூசியேயின் இலை முழுக்கச் சிவந்துபோகும். மிகையான ஒளியைத் தாங்க ஆந்தோசயனின் என்ற நிறமி விரிக்கும் குடை அது. திர்சிஃப்ளோரா அந்த அளவுக்குச் சிவக்காது. உடம்பெல்லாம் வெண்பொடி பூசிச் சாம்பல் பச்சையாக நிற்கும்.

அந்தப் பொடி தூசி அல்ல, மெழுகு. தூசியென்று நினைத்து ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தேன். என் விரல் தடங்கள் அந்த இலை உதிரும்வரை அப்படியே இருந்தன.

இவ்விரு செடிகளும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைச் செலவழிக்கும். நெருங்கிய உறவான ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்றாகிறது என்று தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் 1813இல் எழுதியது இதைத்தான். துடுப்பிலையை நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம். நச்சுத்தன்மை உண்டு, ஆடுமாடுகளுக்கும் ஆகாது.

தண்ணீரை இப்படிச் சிக்கனமாக ஆளும் செடிக்கு அடிக்கடி ஊற்றினால் வேர் அழுகும். பருமணல் கலந்த மண், அடியில் துளையுள்ள தொட்டி, மண் முழுதும் காய்ந்தபின் ஒரே தடவையில் நிறையத் தண்ணீர். இவ்வளவு போதும். நிழலில் வைத்தால் சாகாது. பச்சையாகி, நெட்டையாக வளர்ந்து சாயும்.

ரணகள்ளியைப் போல இலையைப் போட்டுவிட்டு விளிம்பில் முளைக்கும் என்று காத்திருக்காதீர்கள். அடியில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து, வெட்டுவாய் சில நாள் உலர்ந்தபின் நடுங்கள். பூத்த தண்டு காய்ந்து மடியும். அதற்குமுன் பூந்தண்டிலேயே சில சமயம் குட்டிச் செடிகள் முளைத்திருக்கும். கிள்ளி நட்டால் பிடித்துக்கொள்ளும்.