கண் அழுத்தத்தோடு கருவிழிப் படலத்தின் தடிமனையும் கேளுங்கள்

பரிசோதனை முடிந்ததும் "பிரஷர் எவ்வளவு, டாக்டர்?" என்று கேட்காதவர்கள் குறைவு, கருவிழிப் படலத்தின் (கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியாவின்) தடிமன் எவ்வளவு என்று கேட்பவர்களோ அநேகமாக இல்லை. ஆனால் முதல் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இரண்டாவது எண்ணை வைத்தே மதிப்பிட முடிகிறது.

கோல்ட்மன் டோனோமீட்டர், படலத்தின் நடுவில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே கண்ணின் உள் அழுத்தத்தைச் சொல்கிறது. படலம் தடித்திருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைவாகவும் தெரியும். பார்வை நரம்பை நலியச் செய்யும் கிளாக்கோமா நோயைப் பற்றிய சென்னை கிளாக்கோமா ஆய்வின்படி தென்னிந்தியப் பெரியவர்களின் சராசரித் தடிமன் சுமார் 511 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அது ஏறக்குறைய 540 என்பதால், அங்குள்ள அளவுகோலை நம்மவர்களுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

கிளாக்கோமாவின் வகைகளிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. கண் அழுத்தம் வழக்கமான வரம்புக்குள் இருந்தும் பார்வை நரம்பு நலியும் வகையில் படலம் பெரும்பாலும் மெலிந்திருக்கிறது. அழுத்தம் 14 மி.மீ. பாதரசம், படலம் 480 மைக்ரான், பார்வை நரம்பின் முனையில் உள்ள குழிவோ ஒரு கண்ணில் தெளிவாகப் பெரிதாகியிருக்கிறது என்ற நிலையில் வருபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். காற்று ஊதிப் பார்க்கும் கருவியோடு பரிசோதனை முடிந்துவிட்ட முகாம்களில் இவர்களுக்கு "எல்லாம் நார்மல்" என்றே சொல்லியிருப்பார்கள். இதற்கு நேர்மாறாக, அழுத்தம் மட்டும் உயர்ந்து நரம்பு நலமாக இருப்பவர்களின் படலம் சராசரியைவிடத் தடிப்பாக இருக்கிறது. அவர்களிலும், 588 மைக்ரானுக்கு மேல் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் 555 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிளாக்கோமா வரும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் அடைபடும் கிளாக்கோமா வகையில் தடிமன் பொதுவாக இயல்பை ஒட்டியே இருக்கும். கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பதே அங்கே முக்கியம். திடீரென வலியோடு அழுத்தம் ஏறும்போது படலம் நீர்கோத்து வீங்குவதால், அந்நேரத்துத் தடிமனைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

அழுத்தத்தோடு இத்தனை புள்ளிகளைக் கூட்டு, கழி என்று சொல்லும் சூத்திரங்களை நான் பயன்படுத்துவதில்லை. படலத்தின் விறைப்பும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே தடிமனுள்ள இருவருக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. மெலிந்த படலம் கண்டால் நரம்பின் ஸ்கேனையும் பார்வைப் புலப் பரிசோதனையையும் தள்ளிப்போடாமல் செய்கிறேன். சொட்டு மருந்து தேவையா என்பதை அவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறேன்.

தடிமனை அளக்கும் பேக்கிமெட்ரி, மரத்துப்போகும் சொட்டு விட்டபின் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியில்லை. கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்; படலம் செதுக்கப்பட்டிருப்பதால் அவர்களின் அழுத்தம் குறைவாகவே காட்டும். சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் உள்ள பழைய கோப்பு இருந்தால் அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.